பாரம் இறங்கிய பின்னும் மீதமுள்ள வழி

பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சாட்சிக் கூட்டம் புதிதல்ல. ஸ்தோத்திரப் பண்டிகையின்போதோ கன்வென்ஷனின் கடைசி இரவிலோ ஒருவர் எழுந்து நின்று தம் பழைய வாழ்க்கையைச் சொல்வார். குடி, சீட்டாட்டம், கடன், மனைவியை அடித்தது என்று எல்லாம் வரிசையாக வரும். பிசாசு என்னைக் குடிக்க வைத்தான், உலகம் என்னை இழுத்துக்கொண்டு போயிற்று, கர்த்தர் என்னைத் தூக்கியெடுத்தார் என்பார். கெட்டதைச் செய்தது பிசாசு, நல்லதைச் செய்தவர் கர்த்தர். இரண்டுக்கும் நடுவே அந்த மனிதர் என்ன செய்தார் என்பது மட்டும் கடைசிவரை தெரியவராது. அடிபட்ட மனைவி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்தச் சாட்சிகள் பொய் என்று நான் சொல்லவில்லை. குடியை விட்டவர்கள் உண்மையாகவே விட்டார்கள், அதனால் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. ஆனால் இந்தக் கூட்டங்களின் வழியாக ஓர் எண்ணம் எங்கள் பக்கம் ஆழமாகப் படிந்துவிட்டது. தவறை 'நான் செய்தேன்' என்று அழுத்திச் சொன்னால் கிருபையைக் குறைத்துப் பேசுவதாக ஆகும், மன்னிக்கப்பட்டதைக் கிளறுவது அவிசுவாசம் என்ற எண்ணம் அது. இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் சபை வரலாறு இதற்கு நேர்மாறானதைக் காட்டுகிறது என்பது என் வாதம். தன் தவறைத் தன் பெயரில் எழுதிக்கொண்டவர்களுக்கு விசுவாசம் குறையவில்லை. ஆண்டவர் சித்தம் என்றோ காலத்தின் வழக்கம் என்றோ தள்ளிவிட்ட இடங்களில்தான் புண் ஆறாமல் இருக்கிறது.

தன் தவறுக்குத் தானே பதில் சொல்ல வேண்டுமா என்ற கேள்வி சபையின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. திருநெல்வேலிச் சபையின் தாய் என்று சொல்லப்படும் குளோரிந்தா, தஞ்சாவூர்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு மணமின்றி வாழ்ந்தவர். அந்த வாழ்க்கை தொடரும்வரை அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்தார். லிட்டில்டன் இறந்த பிறகே, 1778-ல் பாளையங்கோட்டையில் கொடுத்தார். 1780-ன் சபைப் பதிவேட்டில் இருந்த நாற்பது பேரில் குளோரிந்தாவும் ஒருவர். அவர் முயன்று கட்டிய கோயில் 1785-ல் பிரதிஷ்டையாயிற்று. விசுவாசத்துக்குள் வருகிறவர் தம் வாழ்க்கைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஸ்வார்ட்ஸ் வைத்த நிபந்தனையில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பிறப்பிலேயே கிறிஸ்தவரான அந்த அதிகாரியைச் சபைக்கு வெளியே நிறுத்தியதாக நம் சபைக் கதை எதுவும் சொல்வதில்லை. கணக்குக் கேட்கப்பட்டவர் ஆதரவற்ற பெண். இந்த ஓரவஞ்சனை பிற்காலத்திலும் பல உருவில் தொடர்ந்தது. எளியவர் செய்த சிறு பாவத்துக்கு ஒழுங்கு நடவடிக்கை, பெரியவர் செய்த பெரும் தவறுக்கு ஜெபம்.

இனி, மன்னிக்கப்பட்ட பிறகு கணக்கு எதற்கு என்ற மறுப்பை எடுத்துக்கொள்வோம். இதுதான் மறுப்புகளில் வலுவானது, ஏனென்றால் இது வேதத்தை வைத்துப் பேசுகிறது. இதற்கு விடை தாமிரபரணிக் கரையிலேயே எழுதப்பட்ட ஒரு காவியத்தின் அடியில் கிடக்கிறது. ரெட்டியார்பட்டிக்குப் பக்கத்துக் கரையிருப்பில் 1827-ல் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பன்யனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவிக் கம்பனின் நடையில் இரட்சணிய யாத்திரிகம் பாடி 1894-ல் வெளியிட்டார். சபை மக்கள் அந்தக் கதையில் நினைவில் வைத்திருப்பது ஒரே காட்சி: முதுகில் பாரம் சுமந்து வந்த யாத்திரிகன் சிலுவையின் அடியில் வந்ததும் பாரம் தானாகக் கழன்று உருண்டு போகிறது. பிரசங்கங்களும் அங்கேயே நின்றுவிடுகின்றன. ஆனால் பன்யனின் கதையில் சிலுவை தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. வழியின் பெரும்பகுதி அதற்குப் பின்னால்தான். பாரம் இறங்கிய சற்று நேரத்தில், மலையேறும் வழியில் இளைப்பாற அமைத்த பந்தலில் அவன் தூங்கிவிடுகிறான். கையில் கொடுக்கப்பட்ட சுருளைத் தவற விடுகிறான். மேலே போன பிறகு அதை உணர்ந்து, வந்த வழியே திரும்பி நடந்து, தேடி எடுத்து, அதே தூரத்தை மறுபடியும் ஏறுகிறான். ஒரு தடவை போக வேண்டிய பாதையை மூன்று தடவை நடக்க வேண்டியதாயிற்றே என்று தன்னையே நொந்துகொள்கிறான். சிலுவை அவன் பாவத்தைச் சுமந்தது. அவனுக்காகத் திரும்பி நடக்கவில்லை. பெட்ஃபோர்டு சிறையில் வருஷக்கணக்காகக் கிடந்த பன்யன் கிருபையின் அருமை தெரியாதவர் அல்லர். அவரே இப்படிக் கதை அமைத்திருக்கிறார். வேதத்திலும் இதே நிலைதான். நாத்தான் தீர்க்கதரிசி தாவீதுக்கு மன்னிப்பை அறிவித்த அதே மூச்சில் அதன் விளைவையும் அறிவிக்கிறான். இயேசு வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியில் சகேயு, ஏமாற்றியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறான். வேண்டாம், உனக்குத்தான் மன்னிப்புக் கிடைத்துவிட்டதே என்று இயேசு தடுக்கவில்லை. மன்னிப்பு கடவுளோடு உள்ள உறவைச் சரிசெய்கிறது. ஏமாந்தவன் கையில் பணம் வந்து சேர வேண்டிய வேலை மன்னிக்கப்பட்டவனுடையது.

இதை நடைமுறையில் செய்து காட்டிய ஆள் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நான் வேதநாயகம் சாமுவேல் அசரியாவைச் சொல்வேன். 1874-ல் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்து, ஒய்.எம்.சி.ஏ. செயலராகத் தென்னிந்தியா முழுவதும் சுற்றியவர். 1902-ல் யாழ்ப்பாணத்துக்குப் போன இடத்தில், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் திரட்டிக் கடல் தாண்டித் தொண்டிப் பக்கம் ஊழியர்களை அனுப்பி வருவதைக் கண்டார். எண்ணிக்கையில் அவர்களைவிடப் பல மடங்கு பெரியது திருநெல்வேலிச் சபை. நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட வயது அதற்கு. ஊருக்கு ஊர் கோயில், பள்ளிக்கூடம், பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் எல்லாம் இருந்தன. ஆனால் தன் எல்லைக்கு வெளியே தன் பணத்தில் ஊழியரை அனுப்பும் முயற்சியில் அது பின்தங்கியிருந்தது. இதற்குச் சாக்குச் சொல்ல அசரியாவிடம் காரணங்கள் நிறைய இருந்தன. அதிகாரமும் பணப்பெட்டியும் வெள்ளைக்கார மிஷனெரிகளின் கையில் இருந்தன. இந்தியக் குருமாரை அவர்கள் சம்பள வேலைக்காரர்களாகவே நடத்தினார்கள். முடிவெடுத்துப் பழகாத சபை தானாக எப்படி முடிவெடுக்கும்? ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனாலும் ஊர் திரும்பியவர் முதலில் வெள்ளைக்காரர் மீது கைநீட்டவில்லை. குறை நம்முடையது என்று தம் ஜனங்களிடம் சொன்னார். 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையவையாகவே இருக்க வேண்டும் என்பது விதி. பெண்கள் உலை வைக்கும்போது எடுத்து வைக்கும் பிடியரிசியும் காணிக்கையாகச் சேரும் சபைகளை நம்பி எடுத்த முடிவு அது. நிஜாம் ராஜ்யத்தில் தோர்னக்கல் பகுதிக்குத் தெலுங்கு தெரியாத தமிழர்கள் போய்த் தெலுங்கு படித்து வேலை செய்தார்கள். 1909-ல் அசரியா தம் செயலர் பதவியை விட்டுவிட்டுத் தாமே அங்கே போனார். சபைக்குச் சொன்ன குறையில் தம் பங்கையும் சேர்த்துக்கொண்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு, அதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் இதே அசரியா எழுந்து, மிஷனெரிகள் இந்தியரைச் சமமான நண்பர்களாக நடத்தத் தவறிவிட்டார்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். கூட்டத்தில் பலர் நெளிந்தார்கள், சிலர் கோபித்தார்கள். பொறுப்பேற்பது என்றால் மற்றவர் தவறைப் பூசி மெழுகுவது, அடிமைப் புத்திக்கு அழகான பெயர் சூட்டுவது என்று குற்றம் சொல்பவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1903-ல் தன் வீட்டுக் கணக்கைத் திறந்தவர் 1910-ல் அடுத்தவர் கணக்கைக் கேட்டார். வரிசை மாறியிருந்தால் அது வெறும் புகாராகக் கேட்கப்பட்டிருக்கும். 1912 டிசம்பரில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்றபோது, இந்தியர் அந்தப் பொறுப்பைத் தாங்குவாரா என்று சந்தேகப்பட்டவர்களுக்குப் பதில் தோர்னக்கல்லில் ஏற்கெனவே இருந்தது.

அசரியாவின் கதை சுகமானது. செய்யாமல் விட்டதைச் செய்து முடித்த கதை. செய்தது கெடுதலாக முடிந்தால்? இடையன்குடி மிஷனெரி கால்டுவெல் ஐயரை எடுத்துக்கொள்வோம். 1841-ல் அந்தத் தேரிக்காட்டுக்கு வந்து ஐம்பது வருஷம் உழைத்தவர். தெரு வகுத்து, கோயில் கட்டி, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர். மெரீனாவில் சிலை நிற்கும் அளவுக்குத் தமிழுலகம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. அவரே 1849-ல் திருநெல்வேலிச் சாணார்கள் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். தம் சபையின் பெரும்பகுதியாக இருந்த மக்களையே அறிவில் மட்டமானவர்களாகவும் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்களாகவும் அதில் எழுதினார். படிக்கத் தெரிந்த தலைமுறை வளர்ந்து அதைப் படித்தபோது கொதித்தெழுந்தது. எதிர்ப்பு நூல்களும் மனுக்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. நாசரேத்தில் மிஷனெரியோடு மோதி வேலையிழந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, 1857-ல் பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் தொடர்பே இல்லாத இந்து கிறிஸ்தவ சபையைத் தனியாக நிறுவினார். கால்டுவெல்லுக்காகப் பேசுபவர்கள், அவர் நல்லெண்ணத்தோடு எழுதினார், இங்கிலாந்தில் அனுதாபமும் பண உதவியும் கிடைக்கவே எழுதினார் என்பார்கள். நல்லெண்ணம் இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் எண்ணம் நல்லதாக இருந்ததால் சொன்னது சரியாகிவிடாது. எழுதியவரின் பெயர் அட்டையில் இருக்கும்வரை அதற்கான பதிலும் அவருடையதே. சட்டாம்பிள்ளையிடம் எனக்குப் பிடித்தது ஒன்று: மிஷனெரிகளின் குற்றத்துக்காக அவர் கிறிஸ்துவை விட்டுப் போகவில்லை. சபைக்காரர் தவறியதால் விசுவாசமே பொய் என்று முடிவுகட்டுவது சுலபம். அவர் அந்தச் சுலப வழியை எடுக்கவில்லை. சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்த அவருடைய வழிபாட்டு முறைகள் எல்லாம் எனக்கு உடன்பாடு என்று சொல்ல மாட்டேன்; இந்த ஒன்றில் அவர் பக்கம் நிற்பேன்.

அடுத்த மறுப்பு, இவையெல்லாம் தனி மனிதர் தவறா, சாதியமைப்பின் தவறா, காலனி ஆட்சியின் தவறா என்பது. படித்தவர்கள் இன்று விரும்பிச் சொல்வது இதைத்தான். அமைப்பின் பெயரைச் சொன்னால் போதும், எந்த ஆளையும் சுட்ட வேண்டியதில்லை. வடக்கன்குளம் இதற்குப் பதில் சொல்லும். தேவசகாயம் பிள்ளை 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. 2022-ல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது உலகமே பெயர் கேட்ட ஊர். அங்கே 1870-களில் எழுந்த கோயில், பீடம் ஒன்று, மண்டபம் இரண்டு என்ற அமைப்பில் கட்டப்பட்டது. வேளாளரும் நாடாரும் ஒரே பூசையைக் கண்டாலும் ஒருவரையொருவர் தொடாமல் இருக்க ஏற்பாடு. சாதி வேற்றுமை அந்த ஊரில் இருந்தது உண்மை. அது சேசு சபைக் குருக்கள் உண்டாக்கியதல்ல. ஆனால் அதற்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொடுத்து, வரைபடம் போட்டு, மந்திரித்துத் திறந்தது சபை. ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூலில் இந்த ஊரின் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். 1910-ஐ ஒட்டிக் காசானல் அடிகள் காலத்தில் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. வேளாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அமைப்பு பெரிது, ஆள் சிறியவர் என்பது உண்மையானால் அந்தச் சுவர் விழுந்திருக்கக் கூடாது. சாதி அப்படியே இருந்தது, ஊர் அப்படியே இருந்தது. தம் சபை கட்டியதைத் தம் சபையே இடிக்க வேண்டும் என்று ஒரு குரு முடிவெடுத்தது மட்டுமே மாறியது. எதிர்ப்பும் வழக்கும் அவர் கொடுத்த விலை. இடிப்பது பழைய குருக்களை அவமதிப்பதாகும் என்று அவர் நினைத்திருந்தால் மண்டபம் இன்றும் இரண்டாகவே இருந்திருக்கும்.

சபையின் குறையை வெளியே பேசினால் புறமதத்தார் முன் கிறிஸ்துவின் நாமம் தூஷிக்கப்படும் என்ற பயமும் உண்டு. டோனாவூர் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் இதைச் சந்தித்திருக்கிறார். திருநெல்வேலிக் கிராமங்களில் மிஷன் வேலை எவ்வளவு தோற்கிறது என்பதை மறைக்காமல் எழுதிய அவருடைய கையெழுத்துப்பிரதியை, இன்னும் உற்சாகமாக எழுதித் தரும்படி திருப்பி அனுப்பினார்கள். காணிக்கை கொடுக்கிற கை சோர்ந்துவிடுமே என்ற கவலை. அவர் மாற்றவில்லை. அந்நூல் 1903-ல் வெளிவந்தது; நம்ப மறுத்தவர்களுக்காக, எழுதியது உண்மைதான் என்று மற்ற மிஷனெரிகள் தந்த வாக்குமூலங்களும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. காணிக்கை நின்றுபோகவில்லை. அவர் நிறுவிய டோனாவூர் ஐக்கியம் வளர்ந்தது. தோல்வியைச் சொன்னதால் விழுந்துவிடும் விசுவாசம் என்று ஒன்று இருந்தால், அது முன்பே விழுந்துதான் கிடந்திருக்கும்.

இதே கார்மைக்கேலை வைத்து எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் எல்லை போட வேண்டியிருக்கிறது. 1931-ல் ஒரு குழியில் தவறி விழுந்து அடிபட்ட அவர், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். இன்றைய சுகமளிக்கும் கூட்டங்களின் கணக்குப்படி அது விசுவாசக் குறைவு, அல்லது அறிக்கை செய்யாத பாவம். குழந்தையில்லாத பெண்ணிடமும் புற்றுநோய் வந்தவரிடமும் அப்படித்தான் சொல்கிறார்கள். இதையும் பொறுப்பேற்கச் சொல்லும் போதனை என்று யாராவது என் வாதத்தோடு சேர்த்துவிடக் கூடாது. நோய்க்கும் விபத்துக்கும் பட்டவரிடமே குற்றவாளியைத் தேடுவது கொடுமை. பிறவிக் குருடனைப் பற்றிச் சீஷர்கள் கேட்ட கேள்விக்கு இயேசு என்றைக்கோ பதில் சொல்லிவிட்டார். விசித்திரம் என்னவென்றால், பாதிக்கப்பட்டவரிடம் பாவத்தைத் தேடுகிற அதே மேடையில், சங்கத்துப் பணத்தைக் கையாடியவர் சோதனைக்குள் அகப்பட்டவராகிவிடுகிறார். பொறுப்பு என்பது நாம் செய்ததற்கும், செய்யக் கூடியதைச் செய்யாமல் விட்டதற்கும் மட்டும். நேர்ந்ததற்கு அல்ல.

கணக்குத் திறக்கப்படாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கும் உதாரணம் நம்மிடமே உண்டு. 1939 முதல் திருநெல்வேலி அத்தியட்சராக இருந்த ஸ்டீபன் நீல், தமிழை ஆழமாகக் கற்ற பெரிய அறிஞர். இந்தியக் கிறிஸ்தவத்தின் வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதியவர். 1944-ல் இங்கிருந்து போனார், மறுவருஷம் பதவி விலகினார். உடல்நலக் குறைவு என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். தமக்குக் கீழே இருந்தவர்களை அவர் உடல்ரீதியாகத் தண்டித்ததாக எழுந்த குற்றச்சாட்டுகளை, 1984-ல் அவர் இறந்த பிறகு வந்த வாழ்க்கை வரலாற்று ஆய்வுகள் பேசுகின்றன. தூக்கமின்மையும் மனச்சோர்வும் அவரை வாட்டியதும் உண்மை. இரக்கம் அவருக்கும் உரியது. ஆனால் அன்று மௌனம் காத்தவர்கள் எதைக் காப்பாற்றினார்கள்? விசுவாசத்தையா? ஓர் அத்தியட்சர் தவறினார் என்று தெரிந்தால் சாயர்புரத்து விவசாயி ஜெபத்தை நிறுத்தியிருக்க மாட்டார். காப்பாற்றப்பட்டது பதவியின் மரியாதை. அடிபட்டவர்கள் யார், அவர்களிடம் யாராவது போய்ப் பேசினார்களா என்பது சபையின் கதையில் இடம்பெறவே இல்லை. இது ஐரோப்பியர் விட்டுச்சென்ற பழக்கம் என்றும் தப்ப முடியாது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு நிர்வாகம் நம் கைக்கு வந்துவிட்டது. திருமண்டலத் தேர்தல் தகராறுகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்களும் நாமேதான்.

கடைசியாக, செத்துப்போனவர்கள் செய்ததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன் என்று கேட்பவர்களுக்கு. அவர்கள் செய்த பாவம் உங்களுடையதல்ல, சரி. ஆனால் அவர்கள் கட்டிய கோயிலின் ஆண்டுவிழாவுக்குப் பந்தல் போடுகிறோம், அவர்கள் வாங்கிய நிலத்தின் வருமானத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிறோம், கல்வெட்டில் அவர்கள் பெயருக்குக் கீழே நம் பெயரையும் வெட்டிக்கொள்கிறோம். வரவில் பங்கு கேட்பவருக்குப் பற்றிலும் பங்கு உண்டு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரித்த சுவருக்கு எதிராகப் பல வருஷம் போராட வேண்டியிருந்தது; தமிழ்நாட்டில் சாதிவாரியாகப் பிரிந்த கல்லறைத் தோட்டங்கள் இன்னும் உண்டு. அவற்றைப் பிரித்தவர்கள் அவற்றுக்குள்ளேயே படுத்திருக்கிறார்கள். சேர்க்கும் தீர்மானத்தைக் கொண்டுவர வேண்டிய கமிட்டி அங்கத்தினர்கள் உயிரோடு இருக்கிறார்கள்; ஞாயிற்றுக்கிழமை பொதுவான பாவ அறிக்கையில் எல்லாரோடும் சேர்ந்து சத்தமாகவே சொல்கிறார்கள், அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் பொருள் நிரலில் மட்டும் அது வருவதில்லை.